முதல் ஆளாக வந்த கீப்பர்

ஷார்ஜாவின் முவைலாவில் டயர் கடை வைத்திருந்த மக்தூம் காக்காவுக்குக் காயல்பட்டினம் சொந்த ஊர்; அந்த ஊரில் ‘காக்கா’ என்றால் அண்ணன். வெள்ளிக்கிழமை கிரிக்கெட் போட்டியைப் பல வருடங்களாக அவர்தான் நடத்தி வந்தார். எட்டு அணிகள். எல்லாம் தொழிலாளர் கேம்ப் ஆட்கள், கடை ஆட்கள். மணல் மைதானத்தின் நடுவே ஒரு சிமெண்ட் பிட்ச், டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, குளிர்காலம் முழுக்க ஆட்டம்.

2006ஆம் வருடக் கோடையில் பல கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் தோஹாவுக்கும் அபுதாபிக்கும் ஏற்றி அனுப்பின. எட்டு அணிகளில் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. மக்தூம் காக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். அணி இல்லாத ஆட்டக்காரர்கள் எல்லாரையும் தன் கடை மாடிக்கு வரச் சொன்னார். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் அழைப்பு. அதற்கு மேலே இருந்த அணிக்கு அடுத்தது. இப்படியே சுற்றிச் சுற்றி ஆள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வந்திருந்தது ‘முவைலா நண்பர்கள்’. அதில் மிஞ்சியவர்கள் ஐந்து பேர். கேப்டன் செல்வநாயகம், ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், தூத்துக்குடிக்காரர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பன்னீர்செல்வம். அதே கம்பெனியில் கம்பி கட்டுகிறவன். புதுக்கோட்டை ஆலங்குடிப் பக்கம். முப்பத்தி நான்கு வயதிலும் அந்த மைதானத்தில் அவனை விட வேகமாகப் பந்து போட ஆள் இல்லை. இருவரும் ஏழு வருடமாக ஒரே ரூமில், ஒரே இரும்புக் கட்டிலின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலுமாகத் தூங்கி எழுந்தவர்கள்.

யாரை எடுப்பது என்று பன்னீர் முடிவு செய்துவிட்டிருந்தான். சரவணகுமார். கராமாவில் ஒரு ஓட்டல் சப்ளையர். நின்ற இடத்திலிருந்தே பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்குகிறவன். “சரவணன் வந்தா போதும். அவென் அடிப்பான், நான் போடுவேன், மத்தவங்க நின்னாப் போதும்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். செல்வநாயகமும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மக்தூம் காக்கா கை காட்டினார். செல்வநாயகம் எழுந்து நின்றார்.

“ஜெப்ரின்” என்றார்.

மாடியில் ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. சுவரோரம் இருந்த ஒல்லியான, குட்டையான ஆள் எழுந்தான். முப்பதை நெருங்கும் வயது. ஜிப்சம் போர்டு அடிக்கிற வேலை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். விக்கெட் கீப்பர். பேட்டிங்கில் பதினோராவது ஆள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த அழைப்பில் கராமா அணி சரவணகுமாரைத் தூக்கிக்கொண்டது.

பன்னீர் கீழே இறங்கி வந்தான். பிக்கப் வண்டியில் ஏறியதும் கேட்டான்.

“கீப்பருக்காய்யா மொத ஆளு? எவனாச்சும் செய்வானா?”

“நம்மகிட்ட இனி பந்து போடப் போறவனெல்லாம் புதுசு, பன்னீரு. மட்டை அடிக்கிறவன் ஒரு நாள் அடிப்பான், ஒரு நாள் முட்டை போடுவான். கீப்பருக்கு ஒவ்வொரு பந்துக்கும் வேலை இருக்கு. பத்துப் பேரு மூஞ்சியும் அவனப் பாத்துதான் இருக்கு. அவன் சரியா இருந்தா மத்தவன் தன்னால சரியாவான்.”

“உங்க கடற்கரை ஆளு. அதச் சொல்லுய்யா.”

செல்வநாயகம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். “அப்படியா நினைக்க?” என்று கேட்டார். பன்னீர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். சொன்னதில் பாதிதான் அவன் நம்பியது. ஆனால் அந்தப் பாதி உள்ளே போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

நோன்புப் பெருநாள் முடிந்து ஆட்டங்கள் தொடங்கின. முதல் வெள்ளிக்கிழமை காலை பிக்கப் வந்து நின்றபோது முன் சீட்டில் ஜெப்ரின் உட்கார்ந்திருந்தான். அவன் கேம்ப் தூரம் என்பதால் செல்வநாயகம் விடிகாலையே ரூமிலிருந்து கிளம்பிப் போய் அவனை முதலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழு வருடமாகப் பன்னீர் உட்கார்ந்த சீட் அது. ஜெப்ரின் பாதி எழுந்து, “வாருங்கண்ணே, நான் பொறத்த போறேன்” என்றான்.

“வேணாம். நீயே இரு” என்று சொல்லிவிட்டுப் பன்னீர் பின்னால் ஏறி, ஸ்டம்புகளுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் குந்தினான். ஜெப்ரின் எழுந்து இடம் கொடுக்க வந்ததுதான் பன்னீருக்கு இன்னும் எரிந்தது. வம்பு செய்கிறவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

அந்த முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். பன்னீர் போட்ட ஒரு பந்து ஜெப்ரினின் க்ளவுஸில் பட்டுத் தெறித்து எல்லைக் கோட்டுக்கு ஓடியது. நான்கு ஓட்டம். யாரோ வாயில் வெல்லத்தைப் போட்டது போல இருந்தது பன்னீருக்கு. செல்வநாயகத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். செல்வநாயகம் கையைத் தட்டி, “பரவால்ல ஜெப்ரின், யல்லா, அடுத்த பந்து” என்றார். தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கேட்ச் விட்டபோது இதே ஆள் மதியச் சாப்பாடு வரை திட்டியது பன்னீருக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து நிலைமை மாறியது. அணியில் ஒரு டெய்லரும் மெஸ் சமையல்காரர் ஒருவரும் புதிதாகப் பந்து போட வந்திருந்தார்கள். இருவருக்கும் பந்து எங்கே விழும் என்பது அவர்களுக்கே தெரியாது. ஜெப்ரின் ஸ்டம்பை ஒட்டி உட்கார்ந்து, க்ளவுஸை ஓர் இடத்தில் வைத்துக் காட்டுவான். “அண்ணே, இதப் பாத்துப் போடுங்க, மட்டையப் பாக்காண்டாம்” என்பான். பந்து தப்பான இடத்துக்கு வந்தால் பாய்ந்து பிடித்துவிட்டு, “கொள்ளாம், நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் இங்கோட்டு” என்பான். பந்து பின்னால் ஓடிவிடும் என்ற பயம் போனதும் டெய்லருக்குத் துணிச்சல் வந்தது. பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார். அடிக்க இறங்கி வந்தவர்களின் ஸ்டம்பை ஜெப்ரின் தட்டி விட்டான். ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் அப்படிப் போனார்கள். டெய்லர் அன்று மைதானத்தைச் சுற்றிக் குழந்தை போல ஓடினார்.

பன்னீருக்கும் விக்கெட்டுகள் கூடின. முன்பெல்லாம் அவன் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு வீணாகப் பின்னால் போகும். இப்போது அத்தனையும் ஜெப்ரினின் கைக்குள் போய் முடிந்தது. இந்த வருடம் பிட்ச் நன்றாக இருக்கிறது என்று பன்னீர் சொல்லிக்கொண்டான். அவன் பந்தில் ஜெப்ரின் ஒரு பக்கமாகப் பறந்து கேட்ச் பிடித்தால் எல்லாரும் ஜெப்ரினைத்தான் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். பன்னீர் பிட்ச் நடுவில் தனியாக நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வான். ‘எவன் போட்ட பந்துடா அது?’ என்று தொண்டை வரை வரும்.

ஊருக்குப் போன் பேசும்போது மனைவி சுந்தராம்பாளிடம் இதையே சொன்னான். முன் சீட்டைச் சொன்னான். ஆட்டம் முடிந்து சாப்பிடப் போனபோது செல்வநாயகம் தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து ஜெப்ரின் தட்டில் வைத்ததைச் சொன்னான். சுந்தராம்பாள் பொறுமையாகக் கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?”

“சொல்லு.”

“வீட்டுக்குச் சக்களத்தி வந்தவ பொலம்புற மாதிரியே இருக்கு நீங்க பேசுறது.”

அவன் போனை வைத்துவிட்டான். மறுவாரம்தான் மறுபடி பேசினான்.

நான்காவது ஆட்டத்தில்தான் வெடித்தது. பன்னீர் ஓடி வரத் தயாரானபோது ஜெப்ரின் க்ளவுஸை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தரையை ஒட்டி வைத்தான். முன்னால் போடச் சொல்கிறான். பதினைந்து வயதிலிருந்து பந்து போடுகிறவனுக்கு இவன் இடம் காட்டுகிறான். பன்னீர் வேண்டுமென்றே பந்தைக் குட்டையாகக் குத்தினான். மட்டைக்காரன் அதற்காகவே காத்திருந்தவன் போலச் சுழற்றினான். பந்து கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. அதுவும் அங்கேயே போனது.

செல்வநாயகம் நடுவில் வந்தார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

“ஜெப்ரின் சொல்லுதத கேளு, பன்னீரு. அவனுக்குத் தெரியும்.”

அந்த ஓவரைப் பன்னீர் முடித்தான். பிறகு மைதானத்தை விட்டு வெளியே வந்து, நேராக மக்தூம் காக்காவின் நாற்காலி முன்னால் போய் நின்றான்.

“காக்கா, நான் கராமா டீமுக்கு மாறணும்.”

“சீசன் நடுவுலயா? ரெண்டு கேப்டனும் சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீ செல்வநாயகத்த விட்டுப் போவியாப்பா?”

“கேட்டுச் சொல்லுங்க.”

தன்னை விடமாட்டார், ரூமுக்கு வந்து கெஞ்சுவார் என்றுதான் அவன் நினைத்திருந்தான். மாலையில் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வநாயகம் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “உனக்கு அங்க சந்தோசம்னா போ. நான் தடுக்கல.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ரூம். ஒரே குளியலறைக்கு வரிசையில் முன்னும் பின்னும் நிற்பார்கள். மேல் தட்டில் பன்னீர் புரண்டால் கீழே செல்வநாயகத்துக்கு ஆடும்.

கராமா அணி பன்னீரை மாப்பிள்ளை போல வரவேற்றது. ஓட்டல் முதலாளியின் காரில் முன் சீட். சரவணகுமாரே தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். முதல் ஆட்டத்தில் சரவணகுமார் வெளுத்து வாங்கினான், ஜெயித்தார்கள். சுந்தராம்பாளைக் கூப்பிட்டுப் பன்னீர் சத்தமாகச் சிரித்துப் பேசினான்.

ஆனால் கராமாவின் கீப்பர் அந்த ஓட்டல் கேஷியர். நல்ல மனிதர். கொஞ்சம் தொப்பை. வேறு யாரும் குனிந்து நிற்கத் தயாராக இல்லாததால் க்ளவுஸ் அவர் கைக்கு வந்திருந்தது. பன்னீர் ஓடி வருவதைப் பார்த்தாலே நாலு அடி பின்னால் போய்விடுவார். பந்து உள்ளே திரும்பினால் அவர் கால் நடுவில் போகும். வெளியே திரும்பினால் கையைத் தாண்டிப் போகும். மட்டையில் பட்டு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் “சாரி பன்னீர் பாய்” என்பார். பன்னீர் போட்ட மிக நல்ல பந்துகளெல்லாம் நான்கு நான்கு ஓட்டங்களாக எதிரணிக் கணக்கில் சேர்ந்தன. சில வாரங்களில், தனக்கே தெரியாமல், பன்னீர் பந்தைத் திருப்புவதை விட்டுவிட்டான். நேராக, கொஞ்சம் மெதுவாக, கேஷியர் பிடிக்கிற மாதிரி போட ஆரம்பித்தான்.

அந்தப் பக்கம் முவைலா நண்பர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏறிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் இப்போது பேர் சொல்லும்படியான பந்துவீச்சாளர். பன்னீர் தன் ஆட்டம் இல்லாத நேரத்தில் கார் நிழலில் நின்று, பார்க்காதது போலப் பார்ப்பான். செல்வநாயகம் ஓவருக்கு ஓவர் ஜெப்ரினிடம் நடந்து போய் எதையோ கேட்பார். ஜெப்ரின் க்ளவுஸால் வாயை மறைத்துக்கொண்டு பதில் சொல்வான். அந்த இரண்டு தலைகளும் ஒட்டி நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் பன்னீர் ஷூ முனையால் மணலைக் குத்துவான். அங்கே தன் தலை இருந்த காலம் ஒன்று உண்டு.

பிப்ரவரியில் இரண்டு அணிகளும் மோதின. பன்னீர் முந்தின நாளே ஷூவைக் கழுவிக் காயவைத்தான். அவனுக்கு ஜெயிப்பது கூட இரண்டாம்பட்சம். ஜெப்ரினின் ஸ்டம்பை எகிற வைக்க வேண்டும். செல்வநாயகம் எதிரில் நின்று அதைப் பார்க்க வேண்டும்.

அன்று மணல் காற்று. சரவணகுமார் இரண்டாவது பந்திலேயே, டெய்லரின் பந்தில், ஜெப்ரினிடம் ஸ்டம்பிங் ஆனான். கராமா எடுத்தது குறைவான ஓட்டம்தான். ஆனாலும் பன்னீர் வெறி பிடித்தவன் போலப் போட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தான். கடைசி விக்கெட்டுக்கு ஜெப்ரின் வந்தான். முவைலாவுக்கு இன்னும் மூன்று ஓட்டம் வேண்டும்.

பல வாரங்களுக்குப் பிறகு பன்னீர் முழு வேகத்தில் ஓடி வந்து பந்தைத் திருப்பிப் போட்டான். அது ஜெப்ரினின் மட்டை ஓரத்தை மெல்லிசாகத் தொட்டுக்கொண்டு பின்னால் போனது. சுலபமான கேட்ச். கேஷியரின் தோளில் பட்டு, தலைக்கு மேல் எகிறி, எல்லைக் கோட்டைத் தாண்டியது. முவைலா ஜெயித்தது.

கேஷியர் “சாரி பன்னீர் பாய்” என்றார். பன்னீர் அவரைத் தாண்டி நடந்தான். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய்த் தலையைக் குழாய்க்குக் கீழே நீட்டினான். நிமிர்ந்தபோது ஜெப்ரின் நின்றிருந்தான்.

“அண்ணே, அவுட்டாக்க வேண்டிய பந்து அது. எனக்கே தெரியும்.”

“போடா. வந்து ஆறுதல் சொல்றியா?”

“ஆறுதலு ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கணும். இத்தன வாரமும் நிங்க ஏன் அந்தப் பந்தப் போடல்ல? ஓடி வரும்பமே அடக்கி அடக்கி வாறீங்க. பாக்கதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்துது.”

பன்னீருக்குப் பதில் இருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை. “நீ ஏன்டா என்னப் பாத்துக்கிட்டு இருந்த?” என்று மட்டும் கேட்டான்.

ஜெப்ரின் முகத்தில் முதல் முறையாகக் கோபம் வந்தது. “பாக்காம? செல்வண்ணனுக்க வாயில ஒங்க பேரு இல்லாத நாளு உண்டா? நான் எந்த பிளானு சொன்னாலும், ‘பன்னீரு இருந்தா இத இப்பிடிப் போட்டிருப்பான்’. டெய்லரு அண்ணன் விக்கெட்டு எடுத்தா, ‘பன்னீரு இதவிட வேகம்’. சாப்பிட இருந்தா பன்னீரு. வண்டியில ஏறுனா பன்னீரு. கேட்டுக் கேட்டு எனக்கக் காது புளிச்சுப் போச்சு. நான் ஒருத்தன் கையி வீங்க வீங்கப் பிடிக்கேன், எனக்கப் பேரு ஒருக்கா வருதா? ஒங்களக் கண்டாலே எனக்குக் கடுப்பாக்கும், உள்ளதச் சொல்லுகேன்.”

பன்னீர் ஈரத் தலையோடு அவனையே பார்த்தான். இந்த ஆளுக்குத் தன்மேல் பொறாமை. முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பின்னால் தண்ணீர் கேனோடு குந்திய தன்மேல் பொறாமை! அந்தச் சீசனில் அவன் கேட்ட மிக நல்ல செய்தி அதுதான். சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடியும் தலையைக் குழாய்க்குக் கீழே நீட்டினான்.

மறுநாள் காலை ரூமில் பால் விடாத சுலைமானித் தேநீர் போட்டபோது இரண்டு கப்பில் ஊற்றினான். ஒன்றைக் கீழ்க் கட்டிலின் ஓரத்தில் வைத்தான். செல்வநாயகம் எடுத்துக் குடித்தார்.

“சீனி கம்மியால்ல இருக்கு” என்றார்.

“உனக்கு சுகர் வந்துரும்னு கம்மியாப் போட்டேன்.”

மூன்று மாதத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

அந்தக் கோடையில் செல்வநாயகத்துக்குச் சவூதியில் ஜுபைலில் ஒரு பெரிய பிளாண்டில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பெட்டி கட்டுகிற அன்று பன்னீரிடம் சொன்னார்:

“நம்ம டீமுக்குத் திரும்ப வந்துரு. மக்தூம் காக்காட்ட சொல்லிட்டேன். கேப்டன் ஜெப்ரின்.”

பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டை அழுத்திக்கொண்டிருந்த பன்னீர் கையை எடுத்தான். “எனக்குக் குடுக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“தோணிச்சு. நீ ஒரு ஆட்டம் தோத்தா மூணு மாசம் பேச மாட்ட. அவன் தோத்தாலும் அடுத்த பந்துக்குக் குனிஞ்சு உக்காருவான். டீம் நடக்கணும்லா.”

உண்மை என்று பன்னீருக்குத் தெரிந்தது. அதற்காக வலிக்காமல் இல்லை. மறுபடி பெட்டியை அழுத்தினான். விமான நிலையத்துக்குப் பன்னீரும் ஜெப்ரினும் போனார்கள். உள்ளே போகும் முன் செல்வநாயகம் முதலில் யாரைக் கட்டிப்பிடித்தார் என்பதை இருவருமே கவனித்தார்கள்.

ஜெப்ரினின் கேப்டன்சியில் பன்னீர் இரண்டு சீசன் ஆடினான். க்ளவுஸ் காட்டிய இடத்தில் பல நேரம் போட்டான், சில நேரம் வீம்புக்குப் போடவில்லை. வீம்புக்கு வேறு இடத்தில் போட்டு விக்கெட் விழுந்தால் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். முதல் சீசனில் இரண்டாவது இடம் வந்தார்கள். அடுத்ததில் கோப்பை.

இறுதி ஆட்டத்துக்கு மக்தூம் காக்கா புதிதாக ஒரு மைக் வாங்கி வைத்திருந்தார். பன்னீரின் பந்தில் எதிரணியின் பெரிய மட்டைக்காரன் கீப்பரிடம் கேட்ச் கொடுத்துப் போனபோது, “ஜெப்ரின் கேட்ச், பந்துவீச்சு பன்னீர்செல்வம்” என்று மைதானம் முழுக்கக் கேட்டது. பன்னீர் ஓவரை நிறுத்திவிட்டு மைக் பக்கம் போனான்.

“காக்கா, பந்து போட்டவன் பேரத்தான் மொதல்ல சொல்லணும்.”

“பிடிச்சவன் பேருதாம்பா முதல்ல. உலகம் பூரா அப்படித்தான்.”

“இங்க மாத்திச் சொல்லுங்க.”

ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து ஜெப்ரின் கத்தினான்: “மாத்தாண்டாம் காக்கா!”

அடிக்க வந்த ஆள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பன்னீர் சிரிக்கவில்லை. கடுப்போடு திரும்பி நடந்து, ஓட வேண்டிய இடத்துக்குப் போய் நின்றான். அடுத்த பந்து அந்த வருடத்திலேயே அவன் போட்ட வேகமான பந்து என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஜெப்ரின் அதைத் தலைக்கு மேலே எகிறிப் பிடித்தான்.

2009 கோடையில் கட்டுமான சைட்டுகள் நின்றுபோய்ப் பன்னீர் ஊருக்குத் திரும்பினான். ஆலங்குடியில் கம்பி கட்டும் வேலைக்கு ஆள் வைத்துக் காண்ட்ராக்ட் எடுத்தான். ஜுபைலிலிருந்து செல்வநாயகம் மாதம் ஒரு முறை கூப்பிடுவார். நலம் விசாரித்து முடித்ததும் பன்னீர் தவறாமல் ஒன்று கேட்பான்.

“ஜெப்ரினுக்குப் பேசிட்டியா, இல்ல இனிமேதானா?”

செல்வநாயகம் எப்போதும், “இனிமேதான்” என்பார். ஜெப்ரினிடமும் அவர் அதையேதான் சொல்கிறார் என்பது, அவன் ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்து பெருமையடித்ததிலிருந்து சுந்தராம்பாளுக்குத் தெரியும். அவள் அதைப் பன்னீரிடம் சொல்லவில்லை.